ஊமை ஆவிக்கு ஒரு ஜெபம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரின்சியைப் பிடித்திருக்கும் ஆவியை ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது. பாஸ்டருக்குத் தெரியும். சபையின் அக்காமார் ஆறு பேருக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிற கலியனுக்குக்கூடத் தெரியும். பிரின்சிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்கள் பதற வேண்டாம், பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வேப்பம்பட்டிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பிரின்சி டீ கொடுத்தாள், கேட்ட இரண்டு கேள்விக்கு இரண்டு பதில் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். வேனில் ஏறும்போது மாப்பிள்ளையின் அத்தை, பிரின்சியின் அம்மா செல்வியின் காதில் ஒரு வார்த்தை போட்டாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா வாயே தொறக்கலியே! உள்ள வேற ஏதோ கீது போல. நல்ல ஊழியக்காரரா பாத்து ஒரு வாட்டி காட்டுங்க."

அத்தை ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். செல்விக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பிரின்சி அப்படி என்னதான் செய்தாள்? வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் முகம் கழுவிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு இறங்கி வந்து சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள், சிரிப்பு வந்தால் சிரிப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஊரில் இத்தனை விளக்கம். அப்பா சாலமோனுக்கு அது திமிர். எதிர்வீட்டுக்காரிக்கு அது காதல், போனில் யாரோ இருக்கிறான். பொதட்டூர்பேட்டைப் பெரியம்மாவுக்கு அது தைராய்டு. செல்விக்கு, வேப்பம்பட்டு அத்தையின் புண்ணியத்தில், அது ஊமை ஆவி.

நாள் முழுக்க இரைச்சலில் நிற்கிறவளுக்கு ஒரு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். பசித்தவனுக்குச் சாப்பாடு வேண்டும் என்பதைப் போலத்தான் அதுவும். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. இதை ஒருவராவது அவளிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிரின்சிக்கும் முக்கியமான நாள்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்கு பிரேக் டிரம் செய்கிற கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாக அவளுக்குச் சரக்கைச் சோதிக்கிற வேலை. வார்த்து வந்த டிரம்மைச் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல டிரம் கணீரென்று மணி போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவில் அந்த வித்தியாசம் அவளுக்குக் கேட்கிற அளவுக்கு அங்கே வேறு யாருக்கும் கேட்காது.

இப்போது அந்த லைனுக்கு இன்சார்ஜ் பதவி காலியாகியிருந்தது. போட்டிக்கு இரண்டே பேர், பிரின்சியும் மோகன்ராஜும். மோகன்ராஜுக்குக் காது சுமார். ஆனால் அவன் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அவளுக்கு இன்டர்வியூ காலை பதினொரு மணிக்கு. பிரின்சி இரண்டு தாளில் குறிப்பெழுதி, நான்கு நாளாகப் படித்து வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு, இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாய் விரித்திருந்தது. ஆறு அக்காமாரும் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாஸ்டர் ஜெரால்ட், கையில் எண்ணெய்ப் புட்டி. சாலமோன் கதவைத் தாழ் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருஷம் இரும்பு உருட்டும் மில்லில் வேலை பார்த்த உடம்பு. அசைக்க முடியாது.

"இன்னாம்மா இது?"

"ஒன்னியும் இல்லடி. பாஸ்டரய்யா உனக்காக ஜெபிக்க வந்துக்கீறாரு. அர மணி நேரந்தான்" என்றாள் செல்வி. மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு இன்னிக்கி இன்டர்வியூ. மூணு வாட்டி உன்னாண்ட சொன்னன். சாயங்காலம் வெச்சுக்கச் சொல்லு."

"அதுக்குத்தாண்டி ஜெபமே! நீ வாயத் தொறந்து பேசினாத்தான அவங்க வேல குடுப்பாங்க? இப்டி உம்முனு போயி நின்னா யாரு குடுப்பா?"

"நைனா, கதவத் தொற."

சாலமோனுக்குக் காது கொஞ்சம் மந்தம். மந்தமில்லாத நேரத்திலும் இது அவருக்குக் கேட்டிருக்காது. "உக்காருடி! பெரியவங்க வந்துக்கீறாங்க, மரியாத இல்ல? சபைல நான் மூப்பன்டி, பெரியவங்கள்ல ஒருத்தன்! என் மானத்த வாங்காத!"

பிரின்சி கணக்குப் போட்டாள். அரை மணி நேரம். ஒன்பதரைக்குக் கிளம்பினாலும் பத்து மணிக்குள் கம்பெனி. சண்டை போட்டால் இன்னும் நேரமாகும். சரி, தொலையட்டும் என்று உட்கார்ந்தாள். அதுதான் அன்றைக்கு அவள் செய்த ஒரே தப்பு.

முதலில் பாட்டு. பிறகு கைதட்டல். பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆறு ஜெபம். பத்துக்குப் பதினான்கு அடி ஹால், சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பாஸ்டர் எண்ணெயைக் கையில் ஊற்றிப் பிரின்சியின் தலையில் அழுத்தினார். எண்ணெய் நெற்றி வழியாக இறங்கி நீலச் சட்டையின் காலரில் ஊறியது. காலையில் அரை மணி நேரம் இஸ்திரி போட்ட காலர்.

"ஊமை ஆவியே! கட்டளையிடுகிறேன்! உன் பேர் என்ன, சொல்லு!"

"பிரின்சி" என்றாள் பிரின்சி.

"பொய் சொல்லுது, பாருங்க!" என்றாள் பின்னாலிருந்த ஒரு அக்கா.

"இந்தப் பிள்ளைய எப்போ புடிச்ச? எங்க வெச்சுப் புடிச்ச? சொல்லு!"

இதற்கு என்னவென்று பதில் சொல்வது? பிரின்சி பேசாமலிருந்தாள்.

"பாத்தீங்களா? வாயக் கட்டிப் போட்டுக்கீது! ஊமைதான்! மெய்யாலுமே ஊமைதான்!"

இதை என்னவென்று சொல்ல! பேசினால் பேசுவது ஆவி. பேசாவிட்டால் பேச விடாமல் தடுப்பது ஆவி. நடுவில் பிரின்சி என்று ஒருத்தி இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் வளர்ந்தாளே, அவள் எங்கே போனாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வயிறு எரிகிறதா இல்லையா?

ஒன்பதரை ஆயிற்று. ஒன்பதே முக்கால் ஆயிற்று. "போதும், எனக்கு நேரமாவுது" என்று அவள் இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் அக்காமார் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்கள். "அது ஓடப் பாக்குது, வுடாதீங்க!" பத்தேகால் ஆயிற்று. பாஸ்டரின் தொண்டை கட்டிப்போய்விட்டது, ஆனாலும் அவர் விடுவதாக இல்லை. பாவம், மனுஷன் ஏமாற்றுக்காரர் இல்லை. தான் செய்வதை முழுசாக நம்புகிறவர். அதுதான் வினையே.

சுவர்க் கடிகாரம் பத்து இருபதைத் தொட்டபோது பிரின்சிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"எடுங்கய்யா கைய!"

அந்த வீட்டுச் சுவர்கள் அவள் குரலை அப்படிக் கேட்டதில்லை. அடுப்படியில் டம்ளர் ஒன்று உருண்டது.

"இன்னா நெனச்சுக்கினு கீறீங்க எல்லாரும்? எனக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்ல! சொம்மா சொம்மா பேசினு இருக்கணும்னு சட்டமா இன்னா? பேச விஷயம் கீதுன்னா பேசறன், இல்லன்னா இல்ல! அதுக்குன்னு வளந்த பொண்ண புடிச்சு அமுக்கி எண்ண ஊத்துவீங்களா? வெக்கமா இல்ல? வுடுங்க என்னிய!"

அக்காமார் அவள் தோளிலிருந்து கையை எடுத்தார்கள்.

பிறகு பாஸ்டர் ஜெரால்ட் இரண்டு கையையும் மேலே தூக்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அல்லேலூயா! போயிடுச்சு! கத்திக்கினே போயிடுச்சு!"

ஆறு அக்காமாரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டினார்கள். செல்வி ஓவென்று அழுதுகொண்டே மகளைக் கட்டிக்கொண்டாள். "என் புள்ள பேசிட்டா! என் கண்ணு பேசிட்டா!" சாலமோன் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் மூக்கை உறிஞ்சியதைப் பிரின்சி பார்த்தாள். வாழ்நாளில் முதல் முறையாக அவள் கோபப்பட்டுக் கத்தியிருக்கிறாள், அதையும் ஆவியின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அவளுக்கென்று கோபம்கூட மிச்சமில்லை.

திறந்த கதவு வழியாகச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

பைபாஸ் முனையில் லோகுவின் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. ஆள் சேரட்டும் என்று காத்திருந்த லோகு, அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைக் கிளப்பினான். வழியிலும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு நல்லது செய்தது அந்த ஒருவன்தான்.

பத்து ஐம்பத்தைந்துக்கு அவள் மூச்சு வாங்க ஆபீஸ் மாடி ஏறினாள். மோகன்ராஜ் இன்டர்வியூ முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "ஒடம்பு எப்டி கீது பிரின்சி? ஏன் வந்த? ரெஸ்ட் எடுக்கலாமில்ல?" என்றான். இவன் ஏன் இப்படிக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

உள்ளே குவாலிட்டி மேனேஜர் பூவராகவன் மட்டும் இருந்தார். திருவள்ளூர்க்காரர். நெற்றியில் ஒற்றைக் கோடு, மேஜையில் வெந்நீர் பிளாஸ்க், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர்.

"உட்காருங்க பிரின்சி. தண்ணி குடிங்க."

"வேணாம் சார். ஆரம்பிக்கலாம்."

பூவராகவன் மேஜைமேல் இருந்த ஒரு தாளைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எட்டு மணிக்கு உங்க அம்மா போன் பண்ணியிருக்காங்க."

"எங்க அம்மாவா? எதுக்கு சார்?"

"உங்க ஐடி கார்டுக்குப் பின்னாடி இருக்கே, அவசர நம்பர், அதுக்கு. பர்சனல் டிபார்ட்மென்ட்ல எடுத்திருக்காங்க. உங்களுக்கு ரெண்டு வருஷமா மனசு சரியில்ல, யாரோடவும் பேசறதில்ல, தினமும் மாடியில போய்த் தனியா உட்கார்ந்துக்கறீங்க, அதனால இன்னைக்கு வீட்ல ஒரு பிரார்த்தனை, லீவு வேணும்னு சொல்லியிருக்காங்க. அவங்க அதை அப்படியே எழுதி ஃபைல்ல போட்டுட்டாங்க."

பிரின்சிக்குப் புரிந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஐடி கார்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், எனக்கு ஒன்னும் இல்ல."

"எனக்குத் தெரியும்மா. ஆனா எழுத்துல ஏறிடுச்சே! மெஷின் ஓடற லைன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சே போட்டீங்களான்னு என்னைக் கேட்பாங்க. டாக்டர் சர்டிபிகேட் வேணும். போன் பண்ணின உங்க அம்மாவே அப்படி எந்தக் காலத்துலயும் எதுவும் இருந்ததில்லன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். திங்கட்கிழமை அஞ்சு மணிக்குள்ள ரெண்டும் வந்தா உங்க இன்டர்வியூவை வெச்சுக்கறேன். இல்லேன்னா..."

இல்லையென்றால் மோகன்ராஜ். அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

"அதுவரைக்கும் நீங்க லைனுக்கும் போக வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "நீங்க கொஞ்சம் கூச்ச சுபாவம். லைன்ல நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கணும். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, மறைக்கல."

பிரின்சி எழுந்து நின்றாள்.

"கூச்சம் இல்ல சார். மார்ச் மாசம் ராத்திரி ஷிஃப்ட்ல நாலு மணி நேரம் லைன நிறுத்தினது யாரு? அறுநூறு டிரம்ம ஒதுக்கினது யாரு? மோகன்ராஜ் கத்தினாரு, ஷிஃப்ட் இன்சார்ஜ் கத்தினாரு, லாரி டிரைவர் வந்து கத்தினாரு. நான் கத்தல. அனுப்ப மாட்டேன்னு ஒரு வாட்டி சொன்னன், அனுப்பல. அறுத்துப் பாத்தப்போ உள்ள விரிசல் இருந்திச்சா இல்லியா?"

"இருந்தது" என்றார் பூவராகவன், மெதுவாக.

"அந்த நாப்பது பேரும் சந்தேகம்னா யாராண்ட சார் வராங்க? போயி கேட்டுப் பாருங்க."

அவர் வெந்நீரை ஊற்றிக்கொண்டே தலையாட்டினார். "திங்கட்கிழமைக்குள்ள கொண்டு வாங்கம்மா. நான் காத்திருக்கேன்."

படி இறங்கும்போது பிரின்சிக்கு அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் அதையும் யாராவது எழுதி ஃபைலில் போட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. வாசலிலேயே பிரியாணி மணத்தது. ஜெபத்துக்காக இருந்த உபவாசம் முடிந்து பாஸ்டர் ஜெரால்ட் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். செல்வி பரிமாறிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா, கத்தினா பாரு ஒரு கத்து, ஊடே ஆடிடுச்சு! அத்தோட போயிடுச்சு!"

பிரின்சி வருவதைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்தாள். "வாடி கண்ணு! இன்டர்வியூ எப்டி பண்ண? நல்லா பேசினியா?"

"எட்டு மணிக்கு நீ கம்பெனிக்குப் போன் பண்ணியா?"

செல்வியின் கை கரண்டியோடு நின்றது. "பண்ணன். உனக்கு லீவு கேட்டன். ஜெபம் முடிய நேரமாயிட்டா திட்டுவாங்களேன்னு."

"மனசு சரியில்லன்னு சொன்னியா?"

"பின்ன இன்னான்னு சொல்றது? ஆவின்னு சொன்னா கம்பெனிக்காரங்களுக்குப் புரியுமா?"

பிரின்சி நடந்ததைச் சொன்னாள். சர்டிபிகேட், கையெழுத்து, திங்கட்கிழமை அஞ்சு மணி. கத்தாமல் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் சூடாக இருந்தது.

செல்வி பதறித்தான் போனாள். பெற்றவள் அல்லவா! "அய்யய்யோ! நான் அப்டி நெனச்சு சொல்லலியே! இப்பவே எழுதித் தரன்டி. என் மகளுக்கு ஊமை ஆவி இருந்திச்சு, வெள்ளிக்கிழம காலைல விடுதல ஆயிட்டா, இப்போ நல்லா பேசறான்னு எழுதித் தரன். போதுமா?"

பிரின்சிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "இப்ப இல்லன்னு எழுதக் கூடாதும்மா. எப்பவுமே இல்லன்னு எழுதணும்."

அதுவரை சும்மா இருந்த சாலமோன் இப்போது எழுந்தார். "எப்பவுமே இல்லன்னா? அப்ப காலைல இத்தினி பேரு முன்னாடி நடந்தது இன்னா? பாஸ்டரய்யா பொய்யா? சபையே சாட்சி! ஆண்டவர் செஞ்ச அற்புதத்த இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றியா, அதுவும் ஒரு மூப்பன் ஊட்டுல?"

"எனக்கு வேல போவுது நைனா!"

"வேல போனா வேற வேல! மானம் போனா வராது!"

பாஸ்டர் கை கழுவிவிட்டு வந்தார். சமாதானம் செய்கிற குரலில் பேசினார். "கோபப்படாத மகளே. புதுசா விடுதல ஆனவங்களுக்கு இப்டி கொஞ்ச நாளு கோபம் வரும். ஞாயித்துக்கெழம ஆராதனைல நீ வந்து சாட்சி சொல்லணும். வேப்பம்பட்டு ஊட்டுக்காரங்களும் வராங்க. அம்மா போன் பண்ணி சொல்லிட்டாங்க, அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

சாட்சி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் யாராவது மைக் முன்னால் போய், தன் வாழ்க்கையில் நடந்ததை மறைக்காமல் சபைக்குச் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது, அது முறை. பிரின்சி ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்த மைக்கைத் தொட்டதில்லை. மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"சொல்றன்" என்றாள் பிரின்சி.

பாஸ்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! பாத்தீங்களாம்மா?" என்று செல்வியிடம் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வாசல் கேட் சாத்துகிற சத்தம் வரும்வரை பிரின்சி காத்திருந்தாள். பிறகு பையைத் திறந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் செல்வி முன்னால் வைத்தாள். அதன்மேல் பேனாவை வைத்தாள்.

"டாக்டர் சர்டிபிகேட் நான் வாங்கிக்கறன். நீ நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுத்துட்டா ஞாயித்துக்கெழம நான் வழக்கம்போல கடைசி வரிசைல சொம்மா உக்காந்துக்கினு இருப்பன். குடுக்கலன்னா மைக்கப் புடிப்பன். கதவத் தாழ் போட்டது, புடிச்சு அமுக்கினது, எனக்குத் தெரியாம கம்பெனிக்குப் போன் பண்ணது, எல்லாம் சொல்லுவன். வேப்பம்பட்டுக்காரங்க முன்னாடியே சொல்லுவன். நடுவுல யாரும் நிறுத்தக் கூடாது, இல்லியா நைனா?"

சாலமோன் செல்வியைப் பார்த்தார்.

செல்விக்கோ கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்துக் கண்ணீர். "ஏண்டி இப்டி பேசற? நீ எங்களாண்ட பேசறதே இல்லியேடி! ஊட்டுக்கு வந்தா மாடிக்குப் போயிடற. நாங்க உனக்கு இன்னா பண்ணோம்? பெத்தவளுக்கு அது வலிக்காதா? எங்களப் புடிக்கலன்னுதான நான் நெனச்சு நெனச்சு அழுவறன்? ஆவின்னு அந்தம்மா சொன்னப்போ எனக்கு நிம்மதியா இருந்திச்சுடி, மெய்யா சொல்றன்! அப்போ என் புள்ளைக்கு என்னிய புடிக்காம இல்ல, ஏதோ ஒன்னு தடுக்குதுன்னு..."

இது பிரின்சி எதிர்பார்க்காதது. ஆனால் காலரில் எண்ணெய் இன்னும் காயவில்லை.

"உன்னிய புடிக்காமயா ஷிஃப்ட் முடிஞ்சு நேரா இந்த ஊட்டுக்கு வரன்? ஒரு மணி நேரம் சத்தம் இல்லாம இருந்தாத்தாம்மா எனக்கு அப்பால பேசவே வரும். நான் பேசறதில்லன்னு சொல்றியே, பேசினா யாரு கேக்குறீங்க? இன்டர்வியூன்னு மூணு வாட்டி சொன்னன். எத்தினி மணிக்குன்னு கேட்டியா? எந்த வேலைக்குன்னு கேட்டியா? ஆறு வருஷமா நான் அங்க இன்னா பண்றன்னு ஒரு நாளு கேட்டியா?"

மகள் சுத்தியல் வைத்து ஏதோ செய்கிறாள் என்பது வரைக்கும்தான் செல்விக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரியாது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பு. எழுத்து கோணலாக, பெரிது பெரிதாக வந்தது.

'என் மகள் பிரின்சிக்கு'

"செல்வி! பேனாவ வை கீழ!" என்று கத்தினார் சாலமோன். தெருவுக்கே கேட்டிருக்கும். "எழுதின, அப்பால சபைல நான் தல தூக்க முடியாது. சொல்லிட்டன்!"

"நீ கொஞ்சம் சொம்மா இருய்யா" என்றாள் செல்வி. அவளும் அவரை அப்படி ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

அடுத்த வார்த்தை 'எப்பவும்'. அதை எழுதினால் காலையில் நடந்தது அற்புதமில்லை, அட்டூழியம் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். எழுதாவிட்டால் மகளின் வேலை போகும். செல்வி பேனாவைத் தாளில் ஊன்றினாள். அப்படியே நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன், ஒரு வார்த்தை பேசேன் என்று அவள் கண் கெஞ்சியது.

பிரின்சி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சொல்லி முடித்துவிட்டாள். இனிமேல் ஒரு வார்த்தை அவள் பேசுவதாக இல்லை.